சைக்ளோடெக்ஸ்ட்ரின் பூசிய மின்வேதி உணரிகள்: மருந்துப் பகுப்பாய்வு தொடர்பாக அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதியியல், மருந்தியல் முதுகலை மாணவர்களும் மருத்துவமனை ஆய்வகங்களில் பணிபுரிபவர்களும் இத்துறையைப் பற்றிக் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் சில கேள்விகள் அடிப்படையானவை. அவற்றை அறிந்தவர்கள் எட்டாம் கேள்வியிலிருந்து தொடங்கலாம். ஆனால் பின்னால் வரும் விடைகள் முன்னவற்றைச் சுட்டிச் செல்வதால், வரிசையாகப் படிப்பவர்களுக்குத் தடுமாற்றம் குறையும்.

1. சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்பது என்ன? அது முழுக்கச் செயற்கையான வேதிப்பொருளா?

மாவுச்சத்தைச் சில பாக்டீரியாக்களின் நொதி வெட்டும்போது, குளுக்கோஸ் அலகுகளாலான சிறு துண்டின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைந்து வளையமாகின்றன. அந்த வளையமே சைக்ளோடெக்ஸ்ட்ரின். பிரான்சைச் சேர்ந்த அந்துவான் வில்லியே 1891-இல் இதை முதலில் பதிவு செய்தார். ஆஸ்திரிய நுண்ணுயிரியலாளர் ஃபிரான்ஸ் ஷார்டிங்கர் 1903-க்கும் 1911-க்கும் இடையில் வெளியிட்ட கட்டுரைகளில் இதைப் படிகங்களாகப் பிரித்தெடுத்து விவரித்தார். இன்றும் ஆலைகளில் மாவுச்சத்தையும் நொதியையும் கொண்டே இது தயாரிக்கப்படுகிறது.

இதன் வடிவம், ஒரு பக்கம் சற்றே குறுகிய, அடிப்பகுதி இல்லாத டம்ளரை ஒத்தது. இரு விளிம்புகளிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிற்பதால் மூலக்கூறு நீரில் கரைகிறது. உட்குழியோ நீருடன் அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஆகவே நீரில் இருக்கும் மருந்து மூலக்கூறின் நீர்வெறுக்கும் பகுதி, பெரும்பாலும் அதன் பென்சீன் வளையம், குழிக்குள் இருந்த நீர் மூலக்கூறுகளை வெளியேற்றிவிட்டு அங்கே அமர்கிறது. புதிய சகப்பிணைப்பு எதுவும் உருவாகாததால், உள்ளே போனது எளிதில் வெளியே வரவும் முடியும். இந்த மீள்தன்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இத்துறையின் வலிமையும் வரம்பும் இரண்டுமே அதிலிருந்துதான் பிறக்கின்றன.

2. ஆல்பா, பீட்டா, காமா என்று மூன்று சொல்கிறார்கள். ஏன் எல்லாரும் பீட்டாவையே எடுக்கிறார்கள்?

ஆல்பாவில் 6, பீட்டாவில் 7, காமாவில் 8 குளுக்கோஸ் அலகுகள் உள்ளன. குழியின் விட்டம் ஆல்பாவில் சுமார் 0.5 நானோமீட்டர், பீட்டாவில் 0.6 முதல் 0.65 வரை, காமாவில் ஏறத்தாழ 0.8, உயரம் மூன்றிலும் 0.8 நானோமீட்டரை ஒட்டியே இருக்கிறது. பெரும்பாலான மருந்துகளில் காணப்படும் பென்சீன் வளையத்துக்கு ஆல்பா சற்று இறுக்கம், காமா தளர்வு, பீட்டா பொருந்துகிறது. அதோடு மூன்றில் பீட்டாவே விலை குறைந்தது.

பீட்டாவின் கரைதிறன் விந்தையாகக் குறைவு. 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் ஆல்பா சுமார் 145 கிராமும் காமா 232 கிராமும் கரையும்போது, பீட்டா 18.5 கிராம் மட்டுமே கரைகிறது. அதன் வெளிவிளிம்பு ஹைட்ராக்சில்கள் தங்களுக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்பு அமைத்துக்கொண்டு வளையத்தை விறைப்பாக்குவதே இதற்குச் சொல்லப்படும் காரணம். ஊசி மருந்து தயாரிப்பவர்களுக்கு இது இடையூறு. மின்முனை மீது படலம் பூசுபவர்களுக்கு ஓரளவு உதவி.

3. மின்வேதி உணரி ஒரு மருந்தை எப்படி "அளக்கிறது"?

கரைசலில் மூன்று மின்முனைகள் வைக்கப்படுகின்றன: வினை நடக்கும் செயல் மின்முனை, மின்னழுத்தத்துக்கு அளவுகோலாக நிற்கும் வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனை, மின்னோட்டத்தை நிறைவு செய்யும் பிளாட்டினம் துணை மின்முனை. செயல் மின்முனையின் மின்னழுத்தத்தை மெல்ல உயர்த்திக்கொண்டே போனால், குறிப்பிட்ட ஓரிடத்தில் மருந்து தன் எலக்ட்ரான்களை இழக்கத் தொடங்குகிறது. மின்னோட்டம் உயர்ந்து ஓர் உச்சத்தை அடைகிறது. உச்சம் எங்கே வந்தது என்பது அது என்ன பொருள் என்பதற்குக் குறிப்பாகவும், எவ்வளவு உயர்ந்தது என்பது செறிவுக்கு அளவாகவும் பயன்படுகின்றன.

பாராசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். நடுநிலைக் கரைசலில், கண்ணாடிக் கார்பன் மின்முனையில், இது 0.4 வோல்ட் அளவில் இரண்டு எலக்ட்ரான்களையும் இரண்டு புரோட்டான்களையும் இழந்து என்-அசிட்டைல்-பாரா-பென்சோகுவினோன் இமீனாக மாறுகிறது. அளவுக்கு மீறிப் பாராசிட்டமால் உட்கொண்டவரின் கல்லீரலைச் சிதைக்கும் பொருளும் இதுவே. உடலில் நொதி செய்யும் ஆக்சிஜனேற்றத்தை மின்முனையும் செய்துகாட்டுவதால், இந்த மருந்து இத்துறையின் பாடப்புத்தக எடுத்துக்காட்டாகவே ஆகிவிட்டது.

4. வெறும் மின்முனையே அளக்கிறதென்றால், அதன்மேல் இதை ஏன் பூச வேண்டும்?

இரண்டு காரணங்கள். முதலாவது, சேகரிப்பு: படலத்திலுள்ள குழிகள் கரைசலிலிருந்து மருந்தைப் பிடித்து மின்முனையின் அருகில் வைத்துக்கொள்வதால், அங்கே அதன் உள்ளூர்ச் செறிவு கூடி உச்சம் உயர்கிறது. இரண்டாவது, தேர்வு: குழிக்குப் பொருந்தாத பொருள்கள் அவ்வளவாகச் சேராததால், அவற்றின் குறுக்கீடு ஒப்பீட்டளவில் தணிகிறது.

"ஒப்பீட்டளவில்" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நோய் எதிர்ப்பொருளோ நொதியோ செய்வதுபோல ஒரே ஒரு பொருளை மட்டும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் பிடிப்பதில்லை; தகுந்த அளவுள்ள, தகுந்த அளவு நீர்வெறுக்கும் எதையும் அது ஏற்றுக்கொள்ளும். ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பில் "உயர் தேர்வுத்திறன்" என்ற சொல் வரும்போதெல்லாம், அதில் குழியின் பங்கு எவ்வளவு, மின்னழுத்தத் தெரிவின் பங்கு எவ்வளவு, மின்சுமையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்பதே சரியான வாசிப்பு. இந்தத் தொகுப்பில் நான் வலியுறுத்த விரும்புவது பெரும்பாலும் இதைத்தான்.

5. சர்க்கரை வளையம் என்கிறீர்கள். அப்படியானால் சர்க்கரை நோயாளிகள் வீட்டில் வைத்திருக்கும் மீட்டரும் இதே வகையா?

இல்லை. குளுக்கோமீட்டர் பட்டையில் குளுக்கோஸை மட்டும் அடையாளம் காணும் நொதி இருக்கிறது. மின்னோட்டத்தை அளக்கும் முறையும் அச்சிட்ட மின்முனைப் பட்டையும் மட்டுமே இரண்டுக்கும் பொது. குளுக்கோஸ் மிகுந்த நீர்விருப்பம் கொண்டது. சைக்ளோடெக்ஸ்ட்ரின் குழி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாது.

6. நீரில் கரையும் பொருளை மின்முனையில் பூசினால், சோதனையின்போது கரைந்து போகாதா?

வெறுமனே ஒரு துளி வைத்து உலர்த்தினால் போய்விடும். ஆகவே நிலைநிறுத்தப் பல வழிகள் கையாளப்படுகின்றன. நாஃபியான் போன்ற பாலிமருடன் கலந்து பூசுவது, எபிகுளோரோஹைட்ரினால் குறுக்கிணைத்துக் கரையாத பாலிமராக்கிப் பயன்படுத்துவது, கார்பன் பசையோடு சேர்த்துக் குழைப்பது, மின்முனை மீதே மின்னழுத்தச் சுழற்சியால் படலமாகப் படியவைப்பது ஆகியவை பரவலானவை. ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தகடான கிராஃபீனின் ஆக்சைடின் மீது ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒட்டவைப்பதும் எளிய முறையே.

வேதியியல் நோக்கில் மிகத் தெளிவான வழி, குறுகிய விளிம்பிலுள்ள ஹைட்ராக்சில்களைக் கந்தகம் கொண்ட தயால் தொகுதிகளாக மாற்றி, தங்கத்தின் மீது ஒற்றை மூலக்கூறு அடுக்காக நிறுத்துவது. கந்தகம் தங்கத்தைப் பற்றிக்கொள்ள, அகன்ற வாய் கரைசலை நோக்கி நிற்கிறது. ஏஞ்சல் கைஃபர், ஃபிரேசர் ஸ்டோடர்ட் ஆகியோரின் குழுக்கள் 1995-இல் இவ்வாறு பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரினை நிறுத்தி, அதில் ஃபெரோசின் என்னும் இரும்புச் சேர்மம் வந்து அமர்வதைக் காட்டின. வளையங்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்களையும் அடைத்தாக வேண்டும் என்று அவர்கள் எடுத்துக்கொண்ட அக்கறை இன்றைக்கும் கற்றுக்கொள்ளத் தக்கது. அடைக்காவிட்டால், குழியைத் தவிர்த்து இடைவெளி வழியாக மூலக்கூறு நேரே தங்கத்தை அடைந்துவிடும்.

7. எந்தக் கட்டுரையை எடுத்தாலும் கிராஃபீன், நானோகுழாய், தங்கத் துகள் என்று சேர்த்திருக்கிறார்கள். அவை கட்டாயமா?

சைக்ளோடெக்ஸ்ட்ரின் மின்சாரத்தைக் கடத்தாது. படலம் தடித்தால் எலக்ட்ரான் பரிமாற்றத்துக்கான தடை ஏறும். மின்மறிப்பு அளவீட்டின் வரைபடத்தில் அந்தத் தடையைக் காட்டும் அரைவட்டம் பெரிதாவதில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கடத்தும் பொருள் ஒன்று துணைக்கு இருந்தால் இந்தக் குறை நீங்குவதோடு, மேற்பரப்பும் பெருகுகிறது. மறுபக்கம், நீரில் கட்டி கட்டியாகத் திரளும் கிராஃபீன் தகடுகளைச் சைக்ளோடெக்ஸ்ட்ரின் பிரித்து நிறுத்துகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று உதவுவது உண்மை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கிராஃபீன் தானே பென்சீன் வளையங்களை நன்றாக ஈர்க்கும். உச்சம் பலமடங்கு உயர்ந்ததென்றால், அதில் கிராஃபீன் செய்தது எவ்வளவு, குழி செய்தது எவ்வளவு என்ற கேள்வி உடனே எழுகிறது. அதற்கான விடை பதினான்காம் கேள்வியில் இருக்கிறது.

8. மருந்துக் கரைசலிலேயே பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரினைக் கரைத்துப் பார்த்தேன். மின்னோட்டம் கூடும் என்று எதிர்பார்த்தால் குறைந்துவிட்டது. எங்கே தவறு?

தவறு எதுவும் இல்லை. அப்படித்தான் நடக்க வேண்டும். படலத்திலுள்ள குழி மருந்தை மின்முனை அருகே சேர்க்கிறது. கரைசலில் மிதக்கும் குழியோ மருந்தை மின்முனையிலிருந்து விலக்கி வைக்கிறது. தனி மருந்து விரைவாக விரவும். 1,135 மூலக்கூறு எடையுள்ள வளையத்தைச் சுமந்துகொண்டு அது மெதுவாகத்தான் விரவ முடியும். விரவல் குறைந்தால் உச்ச மின்னோட்டமும் குறையும்.

இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. ஃபெரோசின் கார்பாக்சிலிக் அமிலத்தை வைத்து மாட்சுவே, எவன்ஸ், ஓசா, கோபயாஷி ஆகியோர் 1985-இல் செய்த ஆய்வு, குழிக்குள் இருக்கும் மூலக்கூறு முதலில் வெளியே வந்த பிறகே ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்று காட்டியது. ஆக்சிஜனேற்றத்துக்குப் பின் நேர்மின்சுமை ஏறிவிட்டதால், அது மீண்டும் குழிக்குள் செல்ல விரும்புவதில்லை. செறிவை மாற்றிக்கொண்டே இந்த வீழ்ச்சியை அளந்தால், குழி எவ்வளவு வலுவாகப் பற்றுகிறது என்பதைச் சொல்லும் பிணைப்பு மாறிலியைக் கணக்கிடலாம்; எனவே உங்கள் சோதனை வீணாகவில்லை, மின்முனையைப் பூசுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் சோதனையே அதுதான்.

9. டோபமைனை அளக்கும்போது வைட்டமின் சி-யும் யூரிக் அமிலமும் தொந்தரவு செய்கின்றனவே, குழி அவற்றைத் தடுத்துவிடுமா?

வெற்றுக் கார்பன் மின்முனையில் இம்மூன்றும் நெருங்கிய மின்னழுத்தங்களில் ஆக்சிஜனேற்றம் அடைவதால் உச்சங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. மூளையில் செல்லுக்கு வெளியே உள்ள நீர்மத்தில் அஸ்கார்பிக் அமிலம் நூற்றுக்கணக்கான மைக்ரோமோலார் அளவிலும் டோபமைன் நானோமோலார் அளவிலும் இருப்பதை எண்ணிப் பார்த்தால், சிக்கலின் பருமன் விளங்கும்.

இங்கே உண்மையான காவலாக நிற்பது பெரும்பாலும் மின்சுமை. உடலின் பிஎச் 7.4-இல் டோபமைன் நேர்மின்சுமையோடும், அஸ்கார்பேட்டும் யூரேட்டும் எதிர்மின்சுமையோடும் இருக்கின்றன. ஆகவே கார்பாக்சிமெத்தில் தொகுதி இணைத்த பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரினைப் பூசினால், எதிர்மின்சுமை கொண்ட அப்படலம் டோபமைனை ஈர்த்து மற்ற இரண்டையும் தள்ளுகிறது. டோபமைனின் வளையத்துக்குக் குழி இடம் கொடுப்பது அதன்மேல் கிடைக்கும் கூடுதல் உதவி. மாற்றம் செய்யாத சைக்ளோடெக்ஸ்ட்ரினுக்கு மின்சுமை இல்லை என்பதால், அது தனியே இவ்வளவு தூரம் செய்யும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

10. கொலஸ்டிரால்போல மின்முனையில் எளிதில் வினைபுரியாத பொருளை இம்முறையில் அளக்க வழியே இல்லையா?

வழி உண்டு, அதுவும் அழகான வழி. முதலில் மெத்திலீன் நீலம் அல்லது ஃபெரோசின்போல மின்முனையில் எளிதில் வினைபுரியும் ஒரு பொருளைக் குழிகளில் நிரப்பிவிட வேண்டும். பிறகு, அதைவிட வலுவாகக் குழியைப் பற்றும் கொலஸ்டிரால் வரும்போது, முன்னதை வெளியே தள்ளிவிட்டுத் தான் அமர்கிறது. வெளியேறிய பொருளின் உச்சத்தில் ஏற்படும் மாற்றமே கொலஸ்டிராலின் அளவாகிறது. பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரினுக்குக் கொலஸ்டிரால் மீது உள்ள ஈர்ப்பு நன்கு அறியப்பட்டதே. செல் சவ்வுகளிலிருந்து கொலஸ்டிராலை உருவி எடுக்க உயிரியலாளர்கள் பயன்படுத்துவது மெத்தில்-பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரினைத்தான்.

ஆனால் இம்முறையில், நிரப்பியதைத் தள்ளும் வலிமையுள்ள எந்தப் பொருள் வந்தாலும் அதே மாற்றம் தோன்றும். நேரடி முறையில் உச்சத்தின் இடமாவது ஒரு சான்று தரும். இங்கே அதுவும் இல்லை. பித்த அமிலங்கள் உள்ள மாதிரிகளில் கூடுதல் எச்சரிக்கை தேவை, ஏனெனில் அவையும் இக்குழியில் நன்றாகவே அமர்கின்றன.

11. ஒரே மருந்தின் இடம்புரி, வலம்புரி வடிவங்களை இது பிரித்துக் காட்டும் என்கிறார்களே?

டி-குளுக்கோஸால் ஆனதால் சைக்ளோடெக்ஸ்ட்ரினுக்கே ஒரு கைப்போக்கு உண்டு. ஆகையால் கண்ணாடிப் பிம்பங்களாக உள்ள இரு வடிவங்கள் அதனுடன் ஒரே வலிமையில் பிணைவதில்லை. மருத்துவத்தில் இது முக்கியமான செய்தி: கலவையாகவே விற்கப்படும் புரோபிரனலாலில் இதயத்தின் மீதான செயல் பெரும்பாலும் எஸ் வடிவத்தினுடையது.

எனினும் இரு வடிவங்களின் பிணைப்பு மாறிலிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் சிறியதே. வண்ணப்பிரிகைக் குழலில் மூலக்கூறு ஆயிரக்கணக்கான முறை குழிக்குள் சென்று திரும்புவதால் அச்சிறு வேறுபாடு பெருகிப் பிரிந்துவிடுகிறது. மின்முனையில் அந்த வாய்ப்பு இல்லை. தனித்தனிக் கரைசல்களில் இரு உச்சங்களின் உயரம் வேறுபடுவதைக் காட்டுவது எளிது. கலவையில் 1 விழுக்காடு தவறான வடிவம் இருப்பதை உறுதியாகச் சொல்வது மிகக் கடினம். மருந்துத் தரக்கட்டுப்பாட்டுக்கு வேண்டியது இரண்டாவதே.

12. பிஎச், வெப்பநிலை ஆகியவற்றை ஏன் இவ்வளவு கண்டிப்பாகக் குறிப்பிடச் சொல்கிறார்கள்?

மின்சுமை ஏற்ற மூலக்கூறு நீரை விட்டுக் குழிக்குள் வரத் தயங்கும். எனவே அமிலமாகவோ காரமாகவோ உள்ள மருந்தின் பிணைப்பு பிஎச்சோடு மாறுகிறது. கூடவே, எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் சம எண்ணிக்கையில் பங்கேற்கும் வினைகளில், பிஎச் ஓர் அலகு ஏறினால் உச்சம் 25 டிகிரியில் சுமார் 59 மில்லிவோல்ட் இடம்பெயர்கிறது. மூன்றாம் கேள்வியில் சொன்ன பாராசிட்டமாலும் அமில முதல் நடுநிலை வரையிலான கரைசல்களில் இப்படியே நகரும். வெப்பநிலையைப் பொறுத்தவரை, உள்ளே அமரும்போது பெரும்பாலும் வெப்பம் வெளிப்படுவதால், சூடு ஏறினால் பிணைப்பு தளர்கிறது. குளிரூட்டிய ஆய்வகத்தில் வரைந்த அளவுத்திருத்தக் கோட்டை (செறிவுக்கு எதிராக உச்ச மின்னோட்டத்தைக் குறித்த கோட்டை) 37 டிகிரி மாதிரிக்கு அப்படியே பயன்படுத்தக் கூடாது.

13. நானோமோலாருக்கும் கீழே கண்டறிய முடியும் என்று எழுதுகிறார்களே, குழிக்கு அவ்வளவு திறன் உண்டா?

இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். சாதாரண மருந்துகளுக்குப் பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரினின் பிணைப்பு மாறிலி மோலாருக்கு 100 முதல் 10,000 வரை இருக்கிறது. 1,000 என்று வைத்துக்கொண்டால், கரைசலில் 1 மைக்ரோமோலார் மருந்து இருக்கும்போது ஆயிரத்தில் ஒரு குழியே நிரம்பியிருக்கும். 1 நானோமோலாரில் பத்து லட்சத்தில் ஒன்று. இனி, எத்தனை குழிகள் உள்ளன? வளையத்தின் வெளிவிட்டம் சுமார் 1.5 நானோமீட்டர் என்பதால், நெருக்கமான ஒற்றை அடுக்கில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 80 பிக்கோமோல் வளையங்களே இடம்பெற முடியும். 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வழக்கமான மின்முனைக்கு அது 6 பிக்கோமோல் அளவுக்கு இறங்கிவிடும். அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தரும் மின்சுமையை எந்தச் சாதாரணக் கருவியும் இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்காது.

எனவே நானோமோலார் வரம்பு உண்மையாக இருக்கலாம். ஆனால் அதைக் குழி மட்டும் தந்திருக்க முடியாது. நுண்துளைப் படலத்தின் பெருகிய பரப்பு, கார்பன் மேற்பரப்பின் ஒட்டுதல், நீண்ட சேகரிப்பு நேரம் ஆகியவையும் சேர்ந்தே அதைச் சாத்தியமாக்குகின்றன. கண்டறிதல் வரம்பு என்பது வெற்றுக் கரைசலின் சிதறலை மூன்றால் பெருக்கி, அளவுத்திருத்தக் கோட்டின் சாய்வால் வகுத்துப் பெறும் கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். அந்தச் செறிவில் உண்மையிலேயே ஒரு கரைசலைச் செய்து அளந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

14. அப்படியானால் குழிதான் வேலை செய்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

முதலில், சைக்ளோடெக்ஸ்ட்ரின் மட்டும் இல்லாமல் மற்ற எல்லாம் ஒன்றாக உள்ள மின்முனையைச் செய்து ஒப்பிட வேண்டும். பல கட்டுரைகள் வெற்று மின்முனையோடு மட்டும் ஒப்பிட்டு நின்றுவிடுகின்றன. அது கிராஃபீனின் வெற்றியைச் சைக்ளோடெக்ஸ்ட்ரினின் கணக்கில் எழுதுவதாகும். இதைவிடக் கூர்மையான ஒப்பீடு, அதே குளுக்கோஸ் அலகுகளாலான, ஆனால் வளையமாகாத நேர்ச்சங்கிலியைப் பூசிப் பார்ப்பது. ஹைட்ராக்சில்கள் அப்படியே இருக்கும். குழி மட்டும் இருக்காது. பீட்டாவுக்குப் பதில் ஆல்பாவைப் பூசி, உச்சம் எதிர்பார்த்தபடி குறைகிறதா என்றும் பார்க்கலாம்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது போட்டிச் சோதனை. அடமான்டேன் வழிப்பொருள்கள் பீட்டா குழிக்கு அளவெடுத்துச் செய்தவைபோலப் பொருந்துபவை. அவற்றின் பிணைப்பு மாறிலி 10,000-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். மருந்தை அளந்துகொண்டிருக்கும்போது அடமான்டேன் கார்பாக்சிலேட்டைச் சேர்த்தால் உச்சம் விழ வேண்டும். விழாவிட்டால், மருந்து வேறெங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கரைசலில் மருந்தும் குழியும் சேர்ந்த அணைவு உருவாவதைக் காட்ட அணுக்கரு காந்த ஒத்திசைவு நிறமாலை துணைநிற்கும்: குழியின் உட்புறத்தை நோக்கியுள்ள மூன்றாம், ஐந்தாம் கார்பன்களின் ஹைட்ரஜன்கள் இடம்பெயர்ந்தால், உள்ளே ஏதோ அமர்ந்திருக்கிறது. ஆனால் அந்தச் சான்று கரைசலுக்கு உரியது. மின்முனைக்குத் தனிச் சான்று தேவை.

15. நேரடியாக இரத்தத்தில் வைத்து அளக்க முடியுமா?

இன்றைய நிலையில் பெரும்பாலும் முடியாது. முதல் தடை, புரதங்கள் மின்முனையில் படிந்து அதை மூடிவிடுவது. இரண்டாவது தடை இன்னும் நுட்பமானது: இரத்தத்தில் ஒரு லிட்டருக்குச் சுமார் 40 கிராம், அதாவது ஏறத்தாழ 600 மைக்ரோமோலார் ஆல்புமின் இருக்கிறது, அதுவும் நீர்வெறுக்கும் மருந்துகளை விரும்பிப் பிடிக்கும். டைக்ளோஃபெனாக், வார்ஃபரின் போன்றவற்றில் சுமார் 99 விழுக்காடோ அதற்கு மேலோ புரதத்தில் ஒட்டியிருப்பதால், குழிக்குக் கிடைப்பது எஞ்சிய சொற்பமே. உங்கள் உணரி காட்டுவது மொத்த மருந்தையா, ஒட்டாத பகுதியையா என்று தெளிவுபடுத்தாமல் எண்ணை மருத்துவரிடம் கொடுக்கக் கூடாது. கட்டுரைகளில் "மனித இரத்த நீர்மத்தில் சோதிக்கப்பட்டது" என்று வருவது பெரும்பாலும் பலமடங்கு நீர்த்து, மருந்தை வெளியிலிருந்து சேர்த்த மாதிரியைத்தான் குறிக்கிறது.

மருத்துவத் தேவையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பாராசிட்டமால் மிகைநுகர்வில், உட்கொண்ட நான்கு மணி நேரத்துக்குப் பின் இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராம் என்பது, அசிட்டைல்சிஸ்டீன் கொடுத்துச் சிகிச்சையைத் தொடங்கப் பரவலாகப் பயன்படும் எல்லை. மோலாரில் அது சுமார் 1 மில்லிமோலார். வெற்று மின்முனைக்கே எட்டும் அளவு இது. நானோமோலார் திறன் இங்கே எதற்கும் உதவாது. நூற்றுக்கணக்கான மைக்ரோமோலார் அளவில் எப்போதும் இருக்கும் யூரிக் அமிலத்தையும், படியும் புரதங்களையும் தாண்டி, சில நிமிடங்களில் நம்பத்தக்க எண்ணைத் தருவதே இங்கு வேண்டிய திறன். உணரியை வடிவமைப்பவர்கள் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

16. மாத்திரையில் சோதித்து 99 விழுக்காடு மீட்பு (உண்மையில் இருந்ததில் உணரி காட்டிய பங்கு) வந்தது. இனி எச்பிஎல்சி (உயர்திறன் நீர்ம வண்ணப்பிரிகை) தேவையில்லை என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. பாராசிட்டமால் மாத்திரையில் 500 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அதைப் பொடித்து, கரைத்து, ஆயிரக்கணக்கான மடங்கு நீர்த்த பின் குறுக்கிட எதுவும் பெரிதாக எஞ்சுவதில்லை. அந்நிலையில் எந்த உணரியும் நல்ல மீட்பு காட்டும். பிரிட்டிஷ் மருந்துத் தரநூல் பாராசிட்டமால் மாத்திரைக்குக் குறிப்பிட்ட அளவில் 95 முதல் 105 விழுக்காடு வரை அனுமதிக்கிறது. இந்த எல்லைக்குள் முடிவு சொல்ல, ஒரே மின்முனையின் திரும்பத்திரும்ப அளவீடுகள் மட்டுமன்றி, தனித்தனியே செய்த பல மின்முனைகளின் முடிவுகளும் 1 அல்லது 2 விழுக்காட்டுக்குள் ஒத்துவர வேண்டும். கையால் துளி வைத்துப் பூசும் படலங்களில் இது அரிது. மாசுப் பொருள்களையும் சிதைவுப் பொருள்களையும் தனித்தனியே பிரித்துக் காட்டும் வேலையை எச்பிஎல்சிதான் செய்யும். விரைவான முதற்கட்டச் சோதனைக்கு உணரியைப் பரிந்துரைப்பேன்.

சோடியம் லாரில் சல்ஃபேட் கலந்த மாத்திரைகளில் கவனம் தேவை. அதன் நீண்ட கார்பன் சங்கிலி குழிக்குள் மிக நன்றாக நுழைந்து மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

17. எந்த மருந்துகளுக்கு இதை முயலவே வேண்டாம்?

லித்தியத்துக்கு வேண்டாம், அது நீர்சூழ்ந்த ஓர் அயனி, குழிக்கு அதனோடு தொடர்பில்லை. மெட்ஃபார்மின் மிகுந்த நீர்விருப்பம் கொண்டது, ஆக்சிஜனேற்றத்துக்கும் எளிதில் இணங்காது. வான்கோமைசின் 1,449 மூலக்கூறு எடையுள்ளது. அதன் ஒரு பகுதி நுழையலாமே தவிர முழுதும் நுழையாது. டிஜாக்சினின் சிகிச்சை அளவு 1 நானோமோலார் அளவிலேயே இருப்பதால், பதின்மூன்றாம் விடையின் கணக்கு அதற்கு எதிராக நிற்கிறது.

நன்கு பொருந்துபவை, வளையமும் எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் ஹைட்ராக்சில் அல்லது அமீன் தொகுதியும் கொண்டவை. நைட்ரோ தொகுதி உள்ள மெட்ரோனிடசோல், குளோராம்ஃபெனிகால் போன்றவற்றை ஒடுக்க வினை வழியாகவும் அளக்கலாம். ஆனால் அந்த எதிர்மறை மின்னழுத்தத்தில் கரைந்துள்ள ஆக்சிஜனும் வினைபுரிவதால், நைட்ரஜனைச் செலுத்தி அதை முன்பே வெளியேற்ற வேண்டும்.

18. மருந்துத் தயாரிப்பிலேயே சைக்ளோடெக்ஸ்ட்ரின் கலந்திருந்தால் உணரி குழம்பிவிடாதா?

இது உண்மையான சிக்கல். வோரிகோனசோல் ஊசிமருந்தின் 200 மில்லிகிராம் குப்பி ஒன்றில், மருந்தைக் கரைத்து வைக்க 3,200 மில்லிகிராம் சல்ஃபோபியூட்டைல் ஈதர்-பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின் உள்ளது. மோல் கணக்கில் மருந்தைவிட இரண்டரை மடங்கு. ரெம்டெசிவிர் ஊசியிலும் இதே பொருள்தான் இருக்கிறது. கரைசலில் மிதக்கும் குழி மின்முனைக் குழியோடு போட்டியிட்டு, எட்டாம் விடையில் சொன்னபடி, உச்சத்தைத் தாழ்த்தும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் உடலில் இந்தக் கரைதுணை தேங்கும் என்பதால், அவர்களின் இரத்த மாதிரியிலும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான மருந்துகளுக்குத் தீர்வு எளிது: நீர்த்தால் போதும். பிணைப்பு மாறிலி 1,000 எனில், மொத்தச் சைக்ளோடெக்ஸ்ட்ரின் 10 மைக்ரோமோலாருக்கு இறங்கும்வரை நீர்த்த கரைசலில் மருந்தின் 1 விழுக்காடே பிணைந்திருக்கும், மிச்சம் விடுபட்டுவிடும். ஐயமிருந்தால், அறிந்த அளவு மருந்தை அதே மாதிரியில் சேர்த்து அளக்கும் கூட்டல் முறையைக் கையாளலாம்.

இந்த உத்தி பலிக்காத ஓர் இடம் உண்டு. அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ரோக்குரோனியத்தின் செயலை நிறுத்த, சுகமடெக்ஸ் என்னும் மாற்றியமைத்த காமா-சைக்ளோடெக்ஸ்ட்ரின் ஊசியாகப் போடப்படுகிறது. ஐரோப்பாவில் 2008-இலும் அமெரிக்காவில் 2015-இலும் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. குழியை நீட்டி, எதிர்மின்சுமை கொண்ட எட்டுக் கைகளைச் சேர்த்ததால், நேர்மின்சுமை கொண்ட ரோக்குரோனியத்தை அது மோலாருக்கு ஒரு கோடி அளவுள்ள மாறிலியோடு பற்றுகிறது. மிகையாக நிற்கும் சுகமடெக்ஸ் 1 மைக்ரோமோலாருக்கு இறங்கும்வரை நீர்த்தாலும், ரோக்குரோனியத்தின் 90 விழுக்காட்டுக்கு மேல் பிணைந்தே இருக்கும். அத்தகைய நோயாளியின் மாதிரியில் விடுபட்ட மருந்தையும் பிணைந்த மருந்தையும் சேர்த்து அளக்க வேண்டுமானால், அணைவைக் கரைப்பானாலோ பிரிகை முறையாலோ முதலில் உடைத்தாக வேண்டும். சைக்ளோடெக்ஸ்ட்ரின் பூசிய மின்முனை அந்தப் போட்டியில் நிற்காது.